வேறு மாடல் காரின் அலுமினிய பெடல் கவரை நம் காரில் மாட்டுவது எப்படி: துளை போடாத முறை

குண்டடம் தாண்டி தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். காட்டுக்குள்ளிருந்து செம்மறிக் கூட்டம் ஒன்று திடீரென்று ரோட்டில் இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் இருந்த அலுமினியத் தகடு கடிகார முள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. செருப்பு வழுக்கி, அதன் விளிம்பு ஆக்சிலரேட்டரில் பட்டு இன்ஜின் ஒருமுறை உறுமியது. காலைத் தூக்கி மறுபடியும் மிதித்ததில் வண்டி நின்றது. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். ஆடு ஓட்டி வந்தவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "ஏனுங்க, பிரேக்கு புடிக்கலீங்களா?" என்றார். பிடித்தது, நடுவில் நான் காசு கொடுத்து மாட்டிய சாமான்தான் பிடிக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஓரங்கட்டி, காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். எல்லா காருக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு கடையில் மாட்டிவிட்ட கிட் அது. மூன்று திருகில் இரண்டு கழன்று மேட்டுக்கடியில் கிடந்தன. மிச்சமிருந்த ஒற்றைத் திருகில் தகடு சுழன்றுகொண்டிருந்தது. அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ரப்பரில்லாத வெறும் இரும்பு பெடலை மிதித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இன்று என் காரில் இருப்பது வேறு மாடலிலிருந்து வந்த கவர். அதற்காக ஒரு துளைகூடப் போடவில்லை. என் கார் எது என்று சொன்னால் பேச்சு காரைப் பற்றித் திரும்பிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். முறை எல்லாக் காருக்கும் ஒன்றுதான்.

முதலில் பெடலைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரணக் காரில் கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரு இரும்புத் தட்டு. பின்பக்கம் பெடலின் கை அதில் வெல்டு செய்யப்பட்டிருக்கும். தட்டின் மேல் ரப்பர் உறை. அந்த உறையின் நாலு ஓரமும் பின்பக்கமாக மடிந்து தட்டைக் கவ்வியிருக்கும். திருகு கிடையாது, பசை கிடையாது. கம்பெனியே மாட்டி அனுப்பும் 'ஸ்போர்ட்' பெடல்களில் பெரும்பாலானவையும் இதே சங்கதிதான்: அதே ரப்பர் உறை, முகத்தில் மட்டும் உலோகத் தகடு பதித்திருக்கும், தகட்டின் துளைகள் வழியாக ரப்பர் குமிழ்கள் எட்டிப் பார்க்கும். ஆகவே இன்னொரு மாடலின் கவர் நம் காரில் ஏறுமா என்பதை அதன் முகம் தீர்மானிப்பதில்லை. முதுகுதான் தீர்மானிக்கிறது. கவரின் பின்பக்கப் பள்ளமும் நம் தட்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும். கடையில் எல்லாரும் முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். நானும் அப்படி மயங்கியவன்தான்.

ஆக்சிலரேட்டர் தனி ஜாதி. பெரும்பாலும் பிளாஸ்டிக். சில கார்களில் மேலிருந்து தொங்கும், சிலவற்றில் தரையில் கீல் வைத்து ஆர்மோனியக் கட்டை மாதிரி நிற்கும். ஒன்றுக்கான கவர் மற்றதற்கு ஏறவே ஏறாது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பிரேக் தட்டு மேனுவல் காருடையதைவிட நன்றாக அகலம். மேனுவல் செட்டை வாங்கி ஆட்டோமேட்டிக்கில் திணிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பெடல் செட் என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த மாடலிலிருந்து எடுக்கலாம்

ஒரே அடித்தளத்தில் (பிளாட்ஃபார்மில்) பிறந்த கார்களைப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளி வீட்டுச் சட்டை நமக்குச் சேர வாய்ப்பு அதிகம். ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் நாலும் ஒரே அடித்தளம். மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் ஒரே கார், பேட்ஜ்தான் வேறு. ஹூண்டாய் வென்யூவுக்குக் கியா சோனெட் பங்காளி, கிரெட்டாவுக்கு செல்டோஸ். இவற்றில் விலை கூடிய வேரியன்ட்டிலோ ஜிடி, என் லைன் மாதிரியான ஸ்போர்ட் வேரியன்ட்டிலோ கம்பெனியே உலோக பெடல் கொடுத்திருந்தால், அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பழைய கார் பிரியர்களுக்கு இது புதிதில்லை. 2001-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஆக்டேவியாவும், முதல் தலைமுறை ஆடி டிடியும், நாலாம் தலைமுறை கோல்ஃபும் ஒரே அடித்தளக் குடும்பம். ஆடி டிடியின் அலுமினிய பெடல்களைக் கோல்ஃபுக்கும் ஆக்டேவியாவுக்கும் கொண்டுவருவது உலகம் முழுக்கப் பல வருடங்களாக நடக்கும் வேலை.

ஆனால் பங்காளி என்பதாலேயே சேரும் என்று சத்தியம் செய்ய முடியாது. தலைமுறை மாறினால் பெடல்களைத் தாங்கும் அமைப்பே மாறியிருக்கலாம். அதனால் அளவு எடுக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அளவு எடுப்பது

முழு வேலையிலும் முக்கியமான இடம் இது, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை வெளியே எடுத்து வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பிரேக்கையோ (மேனுவலில் கிளட்சையோ) அமுக்கிக்கொண்டே கை தவறி பட்டனில் பட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். மேட்டை எடுத்து வெளியே போடுங்கள்.

எதையும் கழற்றும் முன்பு இரண்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரேக் பெடலின் வலது ஓரத்துக்கும் ஆக்சிலரேட்டரின் இடது ஓரத்துக்கும் உள்ள இடைவெளி. இரண்டு, பிரேக் முகம் ஆக்சிலரேட்டர் முகத்தைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது. மாட்டி முடித்த பிறகு இந்த இரண்டும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கப்போகிறோம். முன்பு எடுக்காவிட்டால் பின்பு ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

பிறகு ரப்பரைக் கழற்றுங்கள். கீழ் மூலையில் ஆரம்பித்து ஓரத்தைக் கட்டைவிரலால் உரித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்துவிடும். இறுகியிருந்தால் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பு போதும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ரப்பர் கிழியும். பழைய ரப்பர் நமக்குத் திரும்பத் தேவைப்படும்.

இனி வெறும் தட்டு. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. மேல் ஓர அகலம், கீழ் ஓர அகலம் (பல தட்டுகள் செவ்வகம் மாதிரித் தெரியும், அளந்தால் ஒரு பக்கம் குறுகியிருக்கும்), உயரம், தட்டின் கனம் நான்கையும் எழுதுங்கள். நான் வைத்திருக்கும் இன்னொரு வழி, கல்யாணப் பத்திரிகை. வைகாசியில் வீட்டில் குவியும் கெட்டி அட்டையில் ஒன்றை எடுத்துத் தட்டின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஓரம் அப்படியே பதியும். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. கத்தரித்தால் தட்டின் நகல் கையில். இந்த அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கவரின் பின்பள்ளத்தில் அட்டையைச் செருகிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். மடங்காமல் ஒட்டி உட்கார்ந்தால் சரி. அட்டையைவிடக் கவர் ஒரு மில்லிமீட்டர் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, ரப்பர் இழுத்துக்கொள்ளும். பெரிதாக இருந்தால் ஒரு மில்லிமீட்டரும் ஆகாது.

தட்டின் வளைவையும் பாருங்கள். சில தட்டு தட்டையாக இருக்கும், சிலது லேசாகக் குவிந்திருக்கும். தட்டையான கவரைக் குவிந்த தட்டில் ஏற்றினால் நாலு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் முதலில் கழலும்.

வாங்கும்போது

அலுமினியம் என்று சொல்லி விற்பதெல்லாம் அலுமினியம் கிடையாது. கம்பெனி செட்டுகளிலேயே நிறைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பது பெரிதாக உதவாது, ஏனென்றால் அலுமினியத்திலும் ஒட்டாது, பல ஸ்டெயின்லெஸ் வகையிலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுத் தகட்டுக்கு அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். இரண்டுமே பெடலுக்கு நல்லவைதான், சண்டை வேண்டாம். தவிர்க்க வேண்டியது குரோம் பூசிய பிளாஸ்டிக். நகத்தால் சுண்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

உலோகத்தைவிட முக்கியம் ரப்பர் குமிழ். அது தகட்டுக்கு மேலே தெளிவாக எழும்பி நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் பிடுங்கி வரக்கூடாது. ஐப்பசி மழையில் சேற்றுச் செருப்போடு ஏறி உட்காரும் ஊர் இது. தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு வண்டியெடுப்பவர்களும் உண்டு. ஈரச் செருப்புக்கடியில் வழவழ அலுமினியம் என்பது பாசி பிடித்த கிணற்றுப்படி. வெறுங்கால்காரர்கள் தகட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

பழைய சாமான் கடைகளில் உடைத்த வண்டியின் பெடலே கிடைக்கும். கம்பெனி கவர் புதிதாகக் கிடைக்காத மாடலுக்கு அதுதான் வழி. ரப்பரை இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டுவது

தட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துரு இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். கவரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள், ரப்பர் இளகும். பள்ளத்துக்குள் விரலால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், தேங்காய் எண்ணெய், சிலிக்கான் ஸ்ப்ரே எதுவும் கூடாது. சோப்பு காய்ந்துவிடும், அப்புறம் பிடிப்பு வந்துவிடும். எண்ணெய் உள்ளேயே தங்கி, பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கவரை நகர்த்தும்.

மேல் ஓரத்தை முதலில் மாட்டுங்கள். பிறகு இரண்டு பக்கமும் பாதிவரை. கடைசியாகக் கீழ் இரண்டு மூலை. இங்கேதான் விரல் நோகும். தட்டைப் பின்பக்கமிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரப்பர் உதட்டைப் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் நெம்பி ஒவ்வொரு அங்குலமாகத் தட்டுக்குப் பின்னால் புரட்டிவிடுங்கள். டியூப் போட்டு டயர் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் உடனே வரும்.

முன்பக்கம் அழகாக உட்கார்ந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். செல்போனில் டார்ச்சைப் போட்டு, பெடலுக்குப் பின்னால் நீட்டி வீடியோ எடுங்கள். உதடு நாலு பக்கமும் முழுசாகப் புரண்டிருக்கிறதா? என் முதல் முயற்சியில் பிரேக்கின் மேல் இடது மூலையில் உதடு உள்ளே மடிந்து, தட்டுக்கும் கவருக்கும் நடுவில் சிக்கியிருந்தது. முன்னாலிருந்து துளிகூடத் தெரியவில்லை, வீடியோவில்தான் பார்த்தேன். கழற்றி மறுபடி மாட்டினேன்.

அன்று ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். சோப்பு ஈரத்தோடு ஓட்டாதீர்கள்.

ஆக்சிலரேட்டர் பக்கம்

என் அபிப்பிராயம், இதை விட்டுவிடுவது உத்தமம். இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலின் தலையில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் தனித்தனி வோல்டேஜ் அனுப்பும். இன்ஜின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் செக் இன்ஜின் விளக்கைப் போட்டு வண்டியை மெதுவாக ஊரவிடும். பிளாஸ்டிக்கில் துளை போட்டால் விரிசல் விடும், அழுத்தித் திருகினால் கீல் பக்கம் சாயும். அப்படி ஒன்று நடந்தால் முழு பெடல் அசெம்பிளியையும் மாற்ற வேண்டும். ஐந்நூறு ரூபாய் அழகுக்கு ஆயிரக்கணக்கில் தண்டம்.

தரையில் கீல் வைத்த வகைக்கும் சில தொங்கும் வகைக்கும் கம்பெனியே கிளிப் போட்ட கவர் தருகிறது. அது நம் பெடலுக்கே உரியது என்றால் மாட்டலாம். மாட்டிய பிறகு பெடலை முழுக்க அமுக்கி டக்கென்று விடுங்கள், பத்துப் பதினைந்து முறை. ஒவ்வொரு முறையும் சட்டென்று மேலே வர வேண்டும். ஒருமுறை சோம்பல் காட்டினாலும் கழற்றிவிடுங்கள். கனமான தகடு போட்டால் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் வேலை. நான் ஒரு வருடம் கிளட்ச், பிரேக் மட்டும் வெள்ளி, ஆக்சிலரேட்டர் கறுப்பு என்றே ஓட்டினேன். யாரும் குனிந்து பார்த்துக் கேட்கவில்லை.

இடது காலை ஊன்றும் டெட் பெடலுக்கு எந்தக் கவலையும் வேண்டாம். அது அசையாதது. நல்ல இரட்டைப் பக்க டேப் போதும், எந்த மாடலின் தகட்டையும் வெட்டி ஒட்டலாம்.

திருகு வகைதான் வேண்டும் என்றால்

கிட்டில் வரும் காகிதத்தில் பெடலைத் துளையிடுங்கள் என்று போட்டிருக்கும். என்னைக் கவிழ்த்த கிட்டை எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் பழக்கமான லேத் பட்டறைக்குப் போய், "ஏனுங்ணா, இதையே ஸ்ட்ராங்கா ஓட்டை போட்டு முடுக்கித் தர முடியுங்களா?" என்றேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு, பம்பு பாடியில ஓட்டை போடச் சொல்லு, போட்டுத் தாரேன். பிரேக்குத் தட்டுல போடமாட்டேன்" என்று கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவசர பிரேக்கில் அந்தத் தட்டின்மேல் ஐம்பது கிலோவுக்குச் சமமான அழுத்தம் சாதாரணமாக விழும். அதில் துளை போடுவது எதற்கு?

அவர் சொன்ன மாற்று வழி இது. தட்டுக்குப் பின்னால் பெடலின் கைக்கு இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டைகள் வெட்ட வேண்டும். முன்னால் அலுமினியத் தகடு, நடுவில் பெடல் தட்டு, பின்னால் பட்டைகள். தட்டுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டியபடி நாலு எம் 5 போல்ட் இறங்கி இரண்டையும் இறுக்கும். தட்டு நடுவில் சிறைப்பட்டிருக்கும், துளை இல்லை. போல்ட் தலை தகட்டுக்குள் புதைகிற வகை, பின்னால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த, எளிதில் கழலாத நட்). நைலாக் கிடைக்காவிட்டால் திருகு கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு. முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஐந்நூறில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அறிகுறி. இவ்வளவு பாடு பட்டும் தகடு கூடுதலாக முன்னால் வரும், அகலமும் கூடும். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை, ரப்பர் உறை வகைக்கே திரும்பிவிட்டேன்.

ஓட்டும் முன் சோதனை

கவரை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுங்கள், முறுக்குங்கள். செருப்புக் காலால் பக்கவாட்டில் உதையுங்கள். கூச்சப்படாமல் உதையுங்கள், நகர்வதாக இருந்தால் வாசலிலேயே நகரட்டும். முன்பு குறித்து வைத்த இரண்டு அளவையும் மறுபடி எடுங்கள். என் கணக்கு, எதுவும் 3 மி.மீ.க்கு மேல் மாறக்கூடாது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, ஒரே காலால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மிதிக்க வசதியாக இடைவெளி குறைந்தால் நல்லது என்று தோன்றும். டிராக்கில் அது வித்தை. அவிநாசி ரோடு சிக்னலில், அகலமான செருப்பு போட்ட காலுக்கு அது வம்பு.

கிளட்சை அடிவரை அமுக்கி, கவரின் கீழ் ஓரம் கார்ப்பெட்டில் இடிக்கிறதா பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பிரேக்கை முப்பது நாற்பது முறை பலமாக மிதியுங்கள். பின்னால் சுவரில் பிரேக் லைட் வெளிச்சம் வந்து வந்து போக வேண்டும்.

அப்புறம் மேட்டைத் திரும்பப் போட்டு இதே சோதனையை மறுபடியும். மேட்டை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ பக்கம் ஒரு லெக்ஸஸ் காரில் வேறு மாடலின் ரப்பர் மேட் போட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டு நாலு பேர் இறந்தார்கள். அந்த வருடமே டொயோட்டா மேட் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது. பெடல் கவரின் கீழ் ஓரம் சற்று நீண்டிருந்தால் மேட்டின் விளிம்பு அதில் கொக்கி போட வாய்ப்பு கூடுகிறது. மேட் தரைக் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று இரண்டு மேட் கூடாது.

முதல் ஓட்டம் ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில், நாற்பது வேகத்தில் நாலைந்து முழு பிரேக். மாட்டிய மறுநாளே திம்பத்தின் 27 வளைவுக்கோ வால்பாறையின் 40 வளைவுக்கோ கிளம்பாதீர்கள். ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டி, மறுபடி பின்பக்கம் வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு மலையேறலாம்.

பராமரிப்பு

பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. வாட்டர் வாஷ் கடையில் பையன்கள் டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷை அப்படியே பெடலுக்கும் அடித்துவிடுவார்கள். பளபளப்பாக இருக்கும், கால் நிற்காது. வண்டியை விடும்போதே "தம்பி, பெடலுக்கு எதுவும் அடிச்சுறாதப்பா" என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் அடிப்பார்கள், எடுத்து வரும்போது ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். மழைக்காலத்தில் குமிழ்களுக்கு நடுவில் செம்மண் ஏறி நிரம்பிவிடும், பழைய பல் பிரஷ் போதும். குமிழ் தேய்ந்து தகட்டோடு சமமானால் அந்தக் கவரின் ஆயுள் முடிந்தது.

கழற்றிய பழைய ரப்பர் இரண்டும் என் டிக்கியில் ஜாக்கி பக்கத்தில் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன. வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் பழையதே போதும் என்றால், திரும்ப மாட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும்.